சாம்பியன் ஸ்டேஷனில் வலது கால்

அக்கா,

காலையில் உங்கள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்ததும் வேகவைத்த வேர்க்கடலை வாசம் ரயில் பெட்டி முழுக்கப் பரவியது. "இன்னாக்கா, நல்ல சேதிக்குக் கடலையா? ஸ்வீட் எங்க?" என்று பாலகாட்டிலிருந்து வரும் மேரி என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டாள். கல்யாணமோ பிரமோஷனோ, நம் பெங்களூர் ரயிலில் இனிப்புக் கொடுக்காமல் விட மாட்டார்களே.

சேதி இதுதான். இன்று நம் ஊர் சாம்பியன் ஸ்டேஷனில் யார் கையையும் பிடிக்காமல் ரயில் ஏறினேன்.

எத்தனை வருஷம் என்னை மேலே இழுத்தீர்கள்! நீங்கள் முதலில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டுவீர்கள். வலது முட்டி தேய்ந்த எனக்கு அந்தப் படியில் காலைத் தூக்கினாலே உயிர் போகும். சர்க்கரை இறங்காமல் முட்டி மாற்ற முடியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிய மறுநாள், என் சோற்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் கீரையையும் சுண்டலையும் என் மடியில் வைத்தீர்கள். மைசூர்பாக்குக்குப் பதில் கடலை. "முட்டிய டாக்டர் மாத்திடுவாரு. உன் வாய யாரு மாத்துறது?" என்றீர்கள். பெட்டியே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கி, ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த வாரம் நீங்கள் மாரடைப்பில் போய்விட்டீர்கள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது அக்கா, உங்கள் மேல். சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறாது என்று சொந்தக்காரர்கள் வேறு பயமுறுத்தினார்கள். போக வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன். கடைசியில் செத்தும் ஓயாத உங்கள் வாய்க்குப் பயந்துதான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

தையல் பிரித்த அன்று டாக்டர் குனிந்து பார்த்து, "சுத்தமா ஆறியிருக்கும்மா" என்றார். ஆறிவிட்டது அக்கா! அப்புறம் முட்டியை மடக்கச் சொன்னபோது வார்டே அதிரக் கத்தினேன், அது வேறு கதை. படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். மாதக்கணக்கில் இடது காலையே வைத்துப் பழகினேன்.

இன்று ரயில் வந்து நின்றதும் வாசலில் உங்கள் கையைத் தேடினேன். பழக்கதோஷம். அப்புறம் கம்பியைப் பிடித்து, வலது காலை, அந்தப் புதுக் காலை, முதலில் வைத்து ஏறினேன். மேரி விசில் அடித்தாள்.

உங்கள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, அவள் கை நிறையக் கடலையை அள்ளிப் போட்டேன்.

"வாயையும் மாத்திக்கினேன்டி. துன்னு."