மூணாவதா வந்தவரு

மார்ச் 17, திங்கள்

விடியும்போதே வெக்கை. கடை தொறக்க முந்தி ஓடிட்டு வந்துரணும்னு திட்டம். முதல் நாள். பஸ் ஸ்டாண்டு தாண்டல, மூச்சு நின்னுருச்சு. ஓரமா குனிஞ்சு நின்னேன். குனிஞ்ச இடத்துல யாரோ துப்பின வெத்தலை, இன்னும் ஈரமா. சே.

எல்லாம் இவரால. சித்திரை வருஷப் பொறப்பு அவுருதுக்கு டவுன்ல மரதன் ஓட்டம் வைக்கிறாங்களாம். எட்டு கிலோமீட்டர். கடைக்காரங்க கூட்டத்துல வீராப்பா "நானும் ஓடுறேன், என் சம்சாரமும் ஓடுவா"ன்னு ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டு வந்துட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கல்யாணம் கட்டின நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் ஓடினது பஸ்ஸுக்குப் பின்னால மட்டும்தான்.

வாங்க வேண்டியது: காலுறை, ஊசிப் பின், எலி மருந்து. வெங்காய மூட்டைக்குப் பின்னால ஏதோ செத்து நாறுது.

மார்ச் 20

இவரோட சேர்ந்து ஓட்டம். தலையில சிவப்பு ரிப்பன், கையில தண்ணிப் போத்தல், தெரிஞ்ச ஆள் எதிர்ல வந்தா மட்டும் வேகம். ஆள் போனதும் நடை. வழி பூரா ஏப்பம், ராத்திரி தின்ன நெத்தலிக் கருவாடு வாசம். காத்து என் பக்கம் அடிக்குது.

திரும்பி வந்து முழங்கால்ல தைலம் தேய்ச்சுக்கிட்டு, "வசந்தி, எனக்கு பிராக்டிஸ் தேவையில்ல. தோட்டத்துல ஏறி எறங்கின காலு இது."

தோட்டத்துல ஏறி எறங்கினது நான். எங்கப்பா நிவித்திகல பக்கம் தேயிலை ஃபேக்டரியில வேலை, லயத்து வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு மேடும் பள்ளமும்தான். இவரு பெல்மதுளை டவுன்லயே பொறந்து, கல்லாப்பெட்டிக்குப் பின்னால வளந்தவரு.

மார்ச் 23, ஞாயிறு

இவரு வரல. நான் மட்டும். கணுக்கால்ல அட்டை ரெண்டு. பிச்சுப் போட்டும் ரத்தம் நிக்கல, காலுறைக்குள்ள கொழகொழன்னு.

ரோட்டுல இன்னொரு ஆளும் ஓடுறாரு. பியதாச. பலாங்கொடை பஸ்ல கொண்டக்டர். அம்பது தாண்டியிருக்கும். ஓடிக்கிட்டே மூக்க ஒரு விரலால அமுக்கி மத்த பக்கமா சிந்துறாரு. பின்னால ஓடுற நம்ம மேல தெறிக்குது. அதுக்காகவே அவரை முந்தப் பாக்குறேன், முடியல.

"நங்கி, ஹெமின், ஹெமின்!"ங்கிறாரு. தங்கச்சி, மெதுவா ஓடணுமாம். யாரு கேட்டா?

ஏப்ரல் 3

மூணு நாளா மழை. சப்பாத்து காயல. அடுப்பு மேல வச்சதுல கருகல் நாத்தமும் கால் நாத்தமும் சேர்ந்து சோத்துல ஏறிருச்சு. இவரு தட்டைத் தள்ளிட்டு, "உனக்கு என்னத்துக்கு இந்தக் கூத்து? சும்மா பேருக்கு ரெண்டு எட்டு வச்சிட்டு நின்னா போதாதா?"

பேர் குடுத்தது யாரு?

பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு. அமுக்கினா ஆடுது. ஆனா இன்னிக்கு ஃபேக்டரி வளைவு தாண்டி ஒரு இடத்துல மூச்சு தானா வந்துச்சு, காலும் தானா போச்சு. கொஞ்ச நேரம்தான். யாருக்கும் சொல்லல.

ஏப்ரல் 14, வருஷப் பொறப்பு

கோயில். பொங்கல். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா கொண்டாந்த கொக்கிஸ், கேவும் பலகாரமெல்லாம், எண்ணெய் சொட்டச் சொட்ட. இவரு ஒரு தட்டு பூராத்தையும் தின்னுட்டு சட்டையிலேயே கை தொடச்சாரு. கடைப் பக்கம் வந்தவங்க கிட்டயெல்லாம், "பாருங்க, தமிழாளு ஒருத்தன் ஜெயிச்சுக் காட்டுறேன்."

கேட்டுக்கிட்டே உளுந்து நிறுத்தேன். கல்லு ரொம்ப.

ஏப்ரல் 20, ஞாயிறு. மரதன்

உக்காந்து எழுத முடியல, தொடை ரெண்டும் உரசிப் புண்ணு. படுத்துக்கிட்டே எழுதுறேன்.

காலைல ஏழு மணிக்குன்னாங்க. மைக்ல பேச வந்தவங்க பேசி முடிக்க எட்டரை. நம்பர் பேப்பரை நெஞ்சுல குத்தும்போது பக்கத்துல நின்ன பொடியனுங்க, "அன்ன, கரவல நோனா துவனவா!" கருவாட்டு நோனா ஓடுறாளாம். ஒரே சிரிப்பு. நம்ம கடைல கடன் சொல்லி வாங்கித் திங்கிற வீட்டுப் பிள்ளைங்க.

ஓட்டம் தொடங்கினதும் இவரு முன்னால பறந்தாரு. ரப்பர் தோட்டத்து கேட்டு கிட்ட நான் வரும்போது மதகு மேல உக்காந்திருந்தாரு. முகம் சுண்ணாம்பு மாதிரி, வாயில நுரை. பாவமா இருந்துச்சு, உண்மையிலேயே. கூப்பிடலாம்னு வாய் தொறந்தேன். அதுக்குள்ள தோட்டத்து ரோட்டுல இருந்து இவரோட கூட்டாளி த்ரீவீலு வந்து நின்னுச்சு. ஏறினாரு. வண்டியோட ரெண்டு பக்கத்து மறைப்புச் சீலையும் எறங்குச்சு. சரி, வீட்டுக்குப் போறாரு, நல்லதுன்னு நெனச்சேன்.

ஃபேக்டரி வளைவுல மழை புடிச்சுச்சு. அங்கயும் பாலத்துலயும் தாண்டிப் போறவங்க கையில அடையாளக் கோடு போட நின்னவங்க எல்லாம் கடைக்குள்ள ஒதுங்கிட்டாங்க. எனக்கும் யாரும் போடல. வயலுக்கு நடுவுல வாந்தி. மஞ்சத் தண்ணி. வாயத் தொடச்சிட்டு மறுபடி ஓட்டம். ஒரு நாய் துரத்துச்சு, அதுக்கும் அலுத்துப் போச்சு.

பள்ளிக்கூட மைதானத்துக்குள்ள நான் நுழையும்போது எனக்குப் பின்னால ஒரே ஒரு பொம்பள. கால் ரெண்டும் மரக்கட்டை. கை தட்டினாங்க, காது கேக்கல.

அப்புறம் கேட்டுச்சு. மைக்ல இவரு பேரு. நாப்பது வயசுக்கு மேற்பட்ட ஆம்பளைங்கள்ல மூணாவது. மேடையில நிக்கிறாரு. கழுத்துல மெடல், கையில புது ஃபேன், பெட்டியோட. மழைல எல்லாரும் சேறு. இவரு முட்டி வரைக்கும் சுத்தம்.

தோட்டத்து ரோடு நேரா மைதானத்துக்குப் பின்னாலதான் வருது.

நாலாவது பியதாச. மேடைக்குக் கீழ நின்னு மூக்கு சிந்திக்கிட்டிருந்தாரு.

ராத்திரி கேட்டேன். "த்ரீவீல்ல ஏறினீங்களே?"

"மெல்லப் பேசு. மயக்கமா வந்துச்சு, அதான் ஏறினேன். மைதானத்துக்கிட்ட எறங்கினா கூட்டம் கை தட்டுது. நான் என்ன செய்ய? நில்லுன்னா நிப்பாங்களா?"

இதைச் சொல்லும்போது கால் விரல் இடுக்குல அழுக்கு நோண்டிக்கிட்டிருந்தான். இருந்தான்னு எழுதிட்டேன். அடிச்சுத் திருத்த மாட்டேன், அப்பிடியே இருக்கட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஃபேன் கடையில, கல்லாவுக்குப் பக்கத்துல. மெடலும் அதுலயே தொங்குது. வர்றவங்க எல்லாம் தொட்டுப் பாக்குறாங்க.

பத்து மணிக்கு பியதாச. இவரு சாமான் எடுக்க இரத்தினபுரி போயிருந்தாரு. அரைக் கிலோ பருப்பு கேட்டாரு. நான் நிறுக்கும்போது, ஃபேனையே பாத்துக்கிட்டு சிங்களத்துல, "நங்கி, முதலாளி என்னை எந்த இடத்துல முந்தினாரு? நான் பாக்கவே இல்லையே."

சண்டைக்கு வந்த குரல் இல்ல. உண்மையிலேயே யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு வந்திருக்காரு.

என் வாய்தான். "பாலத்துக்கிட்ட."

"பாலமா?" ஃபேன்ல இருந்து கண்ணை எடுத்து ரோட்டைப் பாத்தாரு. "ஆ... அங்க சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சேன். அப்பவா இருக்கும்."

பருப்ப வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் பின்னால போய் மறுபடியும் எலி செத்து நாறுற மூலையில உக்காந்தேன். அந்த நாத்தம் பரவாயில்ல போல இருந்துச்சு.

இவரு வந்ததும் சொன்னேன். மூஞ்சி பூரா சிரிப்பு. "பாலமா! கெட்டிக்காரிடி நீ." முதுகுல தட்டினாரு. குளிச்சேன். சவுக்காரம் கரைஞ்சதுதான் மிச்சம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அம்மன் கோயில்ல பொன்னாடை. நம்ம சனத்துக்குப் பெருமையாம், கோயில் தலைவரே வந்து கூப்பிட்டாரு. எனக்கும் பட்டுச் சேலை கட்டச் சொல்லி உத்தரவு. நகம் விழுந்த காலோட செருப்பு போட முடியல, வெறுங்கால்.

பூசை முடிஞ்சு மைக். தலைவர் போர்த்தினாரு. இவரு பேசினாரு: "பாலத்துக்கிட்ட மழை கொட்டுது. முன்னால பியதாச. காலு வரல. அம்மா தாயேன்னு ஒரே எட்டு..."

சனம் கை தட்டுது. அம்மன் முன்னால நின்னுக்கிட்டு. நான் சொன்ன பொய்ய எடுத்து, அதுக்குப் பூ வச்சு, பொட்டு வச்சு.

தலைவர் என் பக்கம் மைக்க நீட்டினாரு. "அக்காவும் ஓடினாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

சொன்னேன். "நான் கடைசிக்கு முந்தி வந்தேன். ஆனா பூராத்தையும் ஓடினேன். இவரு பாலத்தைப் பாக்கவே இல்ல. ரப்பர் தோட்டத்து கேட்டுல இருந்து த்ரீவீல்ல வந்தாரு. பாலம்னு பியதாசகிட்டச் சொன்னது நான். பொய்."

மைக் கொய்ங்னு கத்துச்சு. ஒருத்தர் சிரிக்கப் பாத்து நிறுத்திட்டாரு. இவரு பொன்னாடை நுனியைப் புடிச்சுக்கிட்டே நின்னாரு, இழுத்துப் போர்த்தவும் இல்ல, கழட்டவும் இல்ல.

தலைவர் சம்சாரம் என் கையப் புடிச்சு வெளிய இழுத்துக்கிட்டுப் போனாங்க. "வீட்டு அழுக்கைக் கோயில்ல கொட்டலாமா? சிங்கள ஆளுங்க காதுல விழுந்தா யாருக்கு அசிங்கம்? உங்க புருஷனுக்கு மட்டுமா?"

"விழட்டும்"னேன். த்ரீவீல்ல வந்தவரைப் பத்தி அந்தம்மா ஒரு வார்த்தை கேக்கல.

ஏப்ரல் 26

இவரு ராத்திரி கடையிலயே படுத்தாரு. காலைல தேத்தண்ணி கொண்டு போனேன். வாங்கல.

"என்னை அம்மணமா நிக்க வச்சிட்ட."

"நீங்களாதான் நின்னீங்க."

வியாபாரம் இல்ல, ஆளே வரல. மத்தியானம் போல சுவத்தைப் பாத்துக்கிட்டு, "அந்த ஃபேனை அந்தாள் கிட்டக் கொண்டு போய்க் குடுத்துரு. எனக்கு அதைப் பாத்தாலே கொமட்டுது." மெடலக் கழட்டிப் பெட்டிக்குள்ள இவரே போட்டாரு.

பாவம்னு தோணல. தோணும்னு காத்திருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெட்டியத் தூக்கிக்கிட்டு பியதாச வீட்டுக்கு. பஸ்ல கால் வைக்க எடம் இல்ல, பக்கத்து ஆள் அக்குள் என் மூக்குக்கு நேரா. எறங்கி மேட்டுல நடை.

அவரு வாசல்ல நின்னாரு. விஷயம் ஏற்கெனவே போயிருச்சு. நான் வாய் தொறக்க முந்தி, "பாலம்னு நீதானே சொன்ன? நாலு நாளா என் மேலயே எனக்குச் சந்தேகம். கண்ணு போச்சோ, புத்தி போச்சோன்னு."

"சமாவென்ன"ன்னேன். மன்னிச்சுக்கோங்கன்னு.

பெட்டியப் பிரிச்சாரு. மெடல வெளிய எடுத்து வச்சாரு. ஃபேனைப் பூட்டி, பிளக்குல குத்தி, ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லா வேகத்துலயும் சுத்த விட்டுப் பாத்தாரு. தன் முகத்துக்குத் திருப்பி வச்சுக்கிட்டாரு. நான் வேர்த்து ஒழுக நின்னேன். உக்காருன்னு சொல்லல. அவரு சம்சாரம்தான் நாற்காலி இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. வீட்டு மாட்டுப் பால். மேல கெட்டியா ஆடை, அதுல ஒரு எறும்பு. ஆடையைக் கண்டாலே எனக்குக் கொடலைப் புரட்டும்.

பியதாச என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு.

எறும்பை விரலால எடுத்துப் போட்டேன். மிச்சத்தை ஆடையோட குடிச்சேன்.