மூன்று சென்டிமீட்டர் பாதை

பிப்ரவரி 9, ஞாயிறு

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம், சுருண்டுகொள்ளாமல் நாலு மூலையிலும் நாலு தம்ளர். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ண, நான் தையல் நூலைக் கரையோரமாக வளைத்து வளைத்து வைத்து அளந்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர். முதல் நாள் காடு, இரண்டாம் நாள் மணல்மேடுகள், மூன்றாம் நாள் கடற்கரை மட்டும்.

அவளுடைய முழங்காலை இந்த வருடமே அறுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீச்சல் குளத்தில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பயிற்சி கொடுத்துத் தேய்ந்த கால். அதற்கு முன்னால் ஒரு பெரிய நடை நடந்துவிட வேண்டுமாம். எத்தனையோ வழி இருக்க, இதைத்தான் பிடித்தாள். இந்த வரைபடத் தாளை வரைந்தவள் நான்.

“எங்க அண்ணி போட்ட வழியில நடக்கணும். அவ்வளவுதான்,” என்றாள்.

இவர் கடிகாரக் கடையைப் பூட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் தொலைந்துபோனால் மனைவியை முதலில் தேடுவதா தங்கையை முதலில் தேடுவதா என்று இப்போதே எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

பிப்ரவரி 11

புது ஷூ. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சமைத்தேன்.

பிப்ரவரி 15

இருபத்தேழு வருடமாக வரைபட அலுவலகத்தில் கரைகளை வரைகிறேன். ஒரு கரையிலும் கால் நனைத்ததில்லை. எனக்குக் கடல் என்றால் பாட்டிலில் இருக்கும் நீல மை. காடு என்றால் மெல்லிய பேனாவில் போடும் சின்னச் சின்னக் குடைகள். இன்று பஸ்ஸில் கண்ணை மூடியதும் அந்தக் குடைகளெல்லாம் மெதுவாக எழுந்து மரமாகிவிட்டன. கீழே வெளிச்சம் பச்சையாகக் கிடந்தது. எங்கோ தண்ணீர் சத்தம். நான் யாருடைய பிடியிலும் இல்லாமல் நடந்துகொண்டே இருந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது. திரும்பி நடந்து வந்தேன், கோபமே வரவில்லை.

பிப்ரவரி 20

இன்று சிவப்பு பென்சிலோடு வந்தாள். இரண்டாம் நாள் காலை, காடு முடிகிற இடத்தில் கடலுக்குள் மூக்கு நீட்டியிருக்கும் பாறை. அதற்கு மேலாகப் புதர்க்காட்டைக் கடந்து மணல்மேட்டுக்குப் போகிற புள்ளிக்கோடு. அதன்மேல் விரலை வைத்து, “இதுதான் நம்ம உயிர்நாடி,” என்றாள்.

இருமல் மாதிரி நடித்து எழுந்து போய்விட்டேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். அந்த மூன்று சென்டிமீட்டர் பொய். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், நிலத்தை அளக்கப் போன அளவையாளர் ஓடையில் விழுந்து எழுந்து வந்தார். குறிப்பேட்டில் கடைசிப் பக்கம் வெறும் நீலக் கறை. அவர் அடுத்த வேலைக்கு வெளியூர் போய்விட்டார். தாள் மறுநாள் அச்சுக்கு. காட்டுக்குள் ஒரு பாதை வந்து நிற்கிறது, மணல்மேட்டில் ஒரு பாதை தொடங்குகிறது. நடுவில் வெள்ளை. வெள்ளை இருந்தால் மேலதிகாரி கேள்வி கேட்பார். இரண்டையும் சேர்த்துவிட்டேன். பத்து நிமிட வேலை. நிலத்தில் அது முக்கால் கிலோமீட்டர்.

அங்கே சதுப்பு இருந்தால்? வெட்டிவிட்ட மாதிரி பள்ளம் இருந்தால்? ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான்.

பிப்ரவரி 24

அலுவலகப் பதிவறையில் அந்தக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ஒருவேளை நான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்று ஒரு நப்பாசை. இல்லை. கறை அப்படியே இருக்கிறது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் கூட ஒரு எழுத்து தேறவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, சின்னதாக ஒரு கடல் மாதிரி.

மார்ச் 2

குறுக்கு வழி ஒன்று யோசித்தேன். மேலே போகாமல் பாறை மூக்கைக் கடற்கரையாகவே சுற்றிவிடலாமே என்று பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தேன். அலை அட்டவணையை என் முன்னால் போட்டாள். நாங்கள் போகிற நாளில் நீர் இறங்குவது விடிவதற்கு முன்னால். நாங்கள் போய்ச் சேரும் நேரத்தில் பாறையில் தண்ணீர் மோதிக்கொண்டிருக்கும். என் கோட்டை விட்டால் வழியில்லை.

அவள் சிரித்துக்கொண்டே, என் கோட்டின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டாள். தம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டேன்.

மார்ச் 8

சொல்லிவிட்டேன். குளத்துக்கே போய், பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிய பிறகு.

கத்துவாள் என்று நினைத்தேன். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கேட்டாள். “அந்தத் தாள் கடையில விக்குது அண்ணி. ஃபோன்ல வர்ற மேப்புலயும் அதே கோடுதான் இருக்கு. இத்தனை வருஷத்துல எத்தனை பேர் நம்பிப் போயிருப்பாங்க?”

அதை நான் நினைத்ததே இல்லை. என் மானம், என் வேலை, என் நாத்தனார். இவ்வளவுதான் என் கவலை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, 10, 11

அவள் ஃபோன் பண்ணவில்லை. இவர், உங்கள் கடல் வற்றிவிட்டதா என்று கேட்டுப் பார்த்தார். பதிலுக்கு விளையாட முடியவில்லை.

மார்ச் 12

வந்தாள். வணக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, பையிலிருந்து கயிறு, ஒரு நாளுக்கு அதிகமாகச் சாப்பாட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். வழி இல்லையென்றால் வந்த வழியே திரும்பிக் காட்டிலேயே தங்குவதாம்.

“நீங்க போட்ட கோடு, நீங்கதான் போய்ப் பார்க்கணும். நான் துணைக்கு வரேன்.”

எனக்கு இப்படி ஒரு நாத்தனார் வாய்த்திருக்கிறாள்.

மார்ச் 22, காட்டில்

மரங்கள் குடை மாதிரி இல்லவே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, கடற்காற்று சீவிவிட்ட தலையோடு நிற்கின்றன. காலடியில் உதிர்ந்த இலை மெத்தென்று இருக்கிறது. நடக்கிறோமா மிதக்கிறோமா தெரியவில்லை. கடல் கண்ணில் படவில்லை, வாசனை மட்டும் நாள் முழுக்கக் கூடவே வந்தது. அவள் முழங்காலுக்கு இரண்டு முறை கட்டுப் போட்டோம். பேச்சு குறைவு. நாளை காலை அந்த மூன்று சென்டிமீட்டர்.

மார்ச் 23, மணல்மேட்டில், மாலை

காடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவள்தான் முன்னால் போனாள்.

“இருக்கு அண்ணி.”

இடுப்பளவு புதர். அதற்கு நடுவே இரண்டடி அகலத்துக்கு மிதிபட்டு இறுகிய மண். கீழே பாறையில் தண்ணீர் அறைகிற சத்தம் கேட்டது. எனக்குக் கால் தரையில் படவில்லை. பாதை முன்பே இருந்திருக்கும், என் கை குருட்டாம்போக்கில் அதன்மேல் விழுந்திருக்கிறது, தப்பித்தேன் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பாதி தூரத்தில் புதர் ஒழிந்து வெறும் புல்வெளி. அங்கே பாதை இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு பெரிய வளைவு போட்டு, மறுபடி நேரானது. சுற்றிப் போக அங்கே ஒன்றுமே இல்லை. பாறை இல்லை, பள்ளம் இல்லை, மரம் நின்ற அடையாளம்கூட இல்லை.

“இங்க எதுக்கு வளையுது?” என்றாள்.

நேர்க்கோடாக விட்டால் பொய் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும் என்று, அன்றைக்கு அந்த வளைவை வைத்தவள் நான். அதைச் சொன்னேன்.

அவள் குனிந்து மண்ணைப் பார்த்தாள். பெரிய ஷூ, சின்ன ஷூ, யாரோ ஒரு குழந்தையின் வெறுங்கால், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, தாளில் நான் போட்ட அந்த வளைவிலேயே போயிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அவள் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

குறுக்கே போயிருந்தால் ஐம்பது அடி மிச்சம். நாங்களும் வளைந்துதான் போனோம்.