வேலை போன அன்று வத்தேகம பஸ்ஸில்

அன்பு மகன் அமானுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் நானும் வாப்பாவும் நல்ல சுகம், அந்தக் குளிரில் நீயும் மருமகள் ஸனாவும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

மகன், பயப்படாமல் கேள், உம்மாவுக்கு வேலை போய்விட்டது. கண்டி தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் பணிப்பாளராக இருந்தேனே, புதிய முதலாளிமார் வந்து பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இலாபமில்லை, மூடுங்கள் என்றார்கள், முடியாது என்றேன், மறுவாரமே அந்தப் பதவியே இனி இல்லையென்று சொல்லி ஓர் ஓர்கிட் செடியைக் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள். டொக்டரை நிறுத்த ஒரு காரணமாவது வேண்டும், பணிப்பாளரை நிறுத்தப் பூச்செடி போதும் என்று அன்றுதான் விளங்கியது. காரும் அவர்களுடையது, ஆகையால் செடியை மடியில் வைத்துக்கொண்டு வத்தேகம பஸ்ஸில் ஏறி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி நன்றாக அழுதேன்.

பாதி வழியில் பக்கத்து சீட்டில் ஒரு குழந்தைக்கு மூச்சு இழுத்தது. தாய் கலாராணி, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, வத்தேகமயில் என் சனிக்கிழமை கிளினிக்குக்கு வருகிறவள். "டொக்டரம்மா, நீங்களா? புள்ளைக்கு முடியலைங்க, கொஞ்சம் பாருங்க" என்றாள். செடியைக் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன், அவர் பஸ்ஸில் ஓடிய பாட்டை நிறுத்தச் சொன்னார். மடவளையில் பஸ்ஸை நிறுத்தி பாமசியில் இன்ஹேலர் பம்ப் வாங்கி, காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டுப் பொருத்தி, குழந்தையின் முகத்தில் வைத்து மருந்து கொடுத்தேன். வத்தேகம ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்போது குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதற்குள் மூன்று தாய்மார் கிளினிக் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். செய்தி கேட்டு சந்தியில் வாடிய முகத்தோடு நின்ற வாப்பா, நான் சிரித்துக்கொண்டு வருவதைக் கண்டு புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தே போனார்.

இனி தினமும் திறக்கப்போகும் கிளினிக்குக்கு இப்போது அவர்தான் வர்ணம் பூசுகிறார், இந்த வயதில் ஏணியில் நின்று பாட்டு வேறு. ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தைகள் பிரிவையும் மூட மற்ற டொக்டர்மார் விடவில்லையாம்.

உனக்கும் அங்கே பணிப்பாளர் பதவி வருகிறது என்றாயே, வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எடு. ஆனால் கையெழுத்து வைக்குமுன் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டு, எவ்வளவு கூட்டங்கள் இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளைப் பார்ப்பதை விடாதே. சனிக்கிழமைகளை நான் விட்டிருந்தால் அன்று பஸ்ஸில் அந்தக் காகிதக் கோப்பை என் நினைவுக்கே வந்திருக்காது.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக. ஸனாவை வெள்ளிக்கிழமை பேசச் சொல், மறக்காதே.

இப்படிக்கு,
திங்கள் முதல் வெறும் பிள்ளைகள் டொக்டராகப் போகும்
உன் உம்மா பாயிஸா