டாங்கனிக்காவுக்கு ஒரு மதிப்பெண்

2025, ஏப்ரல் 29, செவ்வாய்

சேலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. புதுச்சத்திரத்தில் ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். சேலம் வரை நின்றுகொண்டுதான். காலையில் இருபது தாள், மதியத்துக்கு மேல் இருபது. பி.ஏ. வரலாறு, மூன்றாமாண்டு, ஆப்பிரிக்க வரலாறு. ராசிபுரம் கல்லூரியில் ஆறு வருடமாக நான் நடத்தும் பாடம். வருடா வருடம் பணி ஆர்டர் வாங்கும் என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளரிடமிருந்து இந்தப் பாடத்தை யாரும் பிடுங்கவில்லை. வேறு யாருக்கும் வேண்டாம், அவ்வளவுதான்.

கழுத்து வலிக்கிறது.

ஏப்ரல் 30

பதினெட்டாம் கேள்வி: 'டாங்கனிக்காவின் விடுதலைப் போராட்டத்தில் டானு கட்சியின் பங்கினை விவரி.' பத்து மதிப்பெண். டாங்கனிக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம் என்பதன் சுருக்கம் டானு. இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதிதான் அன்றைய டாங்கனிக்கா. வகுப்பில் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

எல்லாத் தாளிலும் ஒரே விடை. 'டானு கட்சி மௌ மௌ என்னும் ஆயுதப் படையை அமைத்து, காடுகளில் மறைந்திருந்து வெள்ளையரைத் தாக்கியது.' முதல் தாளில் அடித்தேன். ஏழாவது தாளில் பேனாவை வைத்துவிட்டேன். மௌ மௌ கென்யாவில் நடந்தது. பக்கத்து நாடு. டானு துப்பாக்கி தூக்கவே இல்லை. கூட்டம் போட்டார்கள், ஐ.நா. சபைக்குப் போனார்கள், தேர்தலில் ஜெயித்தார்கள். இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?

'கீ' என்கிற விடைக்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே வரி. குறிப்பைத் தயாரித்தவர் முகாமின் சேர்மன் தீனதயாளன் சார். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கைடை எழுதியவரும் அவர்தான்.

தப்பாக எழுதியவர்களுக்குக் குறிப்புப்படியே எட்டு, ஒன்பது என்று போட்டுவிட்டு வந்தேன். 

மே 2, வெள்ளி

இன்று ஒரு தாள் வந்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பெயரை மறைக்கப் பல்கலைக்கழகம் ஒட்டும் டம்மி நம்பர் மட்டும். பேனா மை தீர்ந்து பாதியில் நிறம் மாறியிருந்தது.

கட்சி தொடங்கியது 1954 ஜூலை ஏழு என்று எழுதியிருந்தது. அரசு ஊழியர்கள் கட்சியில் சேரக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்ததால் ஆண்கள் பலர் வேலைக்குப் பயந்து ஒதுங்கினார்கள். பீர் காய்ச்சி விற்ற பெண்களும் நடனக் குழுப் பெண்களும் உறுப்பினர் அட்டையை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள், நகையை அடகு வைத்துக் கட்சியை நடத்தினார்கள். பீபி டிட்டி முகமது என்ற பெண் அவர்களைத் திரட்டினார். கடைசியில் ஒரு வரி: 'கென்யாவைப் போல இங்கு ஆயுதப் போர் நடக்கவில்லை.'

ஒன்பது போட்டேன். பத்து போட்டிருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் தீனதயாளன் சார் கூப்பிட்டனுப்பினார். தாள் அவர் மேஜைமேல் இருந்தது.

"அகல்யா மேடம், இதுல மௌ மௌ எங்க இருக்கு?"

"அது கென்யாங்க சார். இந்தப் புள்ள எழுதினதுதான் சரி."

"நகையை அடகு வச்சாங்க, சாராயம் வித்தாங்க. இது வரலாறா, ஊர்க்கதையா?"

"அவிங்க இல்லாட்டி கட்சியே இல்லைங்க சார்."

"கீ-ல இருக்கறதுக்கு மார்க் போடுங்க. ஆராய்ச்சியை வீட்ல வச்சுக்குங்க." ஒன்பதை அடித்து ஒன்று போட்டார். "ஆரம்பிச்ச வருஷம் எழுதியிருக்கு, அதுக்கு ஒண்ணு. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அறையில் இருபது பேர். ஒருவரும் நிமிரவில்லை.

போட்டேன்.

மே 3

என் கையை யாரும் பிடித்துப் போட வைக்கவில்லை. நானேதான் போட்டேன்.

மே 4, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் வகுப்பில் இருபத்தேழு பேர். கைடில் இருப்பது தப்பு, அதை எழுதாதீர்கள் என்று பலகையில் எழுதிப் போட்டவள் நான். அவர்கள் தாளும் இதே முகாமில் வேறு ஏதோ மேஜையில் கிடக்கும். நான் சொன்னதை நம்பிய பிள்ளைக்கு ஒன்று. என்னை நம்பாத பிள்ளைக்கு ஒன்பது. இது என்ன நியாயம்? எவன் கொடுத்த அதிகாரம்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மேலே புகார் எழுதப் போவதாகவும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிற மனுஷர். வெல்டிங் புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, ஆப்பிரிக்காவுல எப்பவோ நடந்ததுக்கு நீ இங்க வேலையை உட்டுப்போடுவியா?"

"ஆப்பிரிக்காவுல நடந்ததுக்கு இல்லைங்க. சேலத்துல நடந்ததுக்கு."

மருதாசலம் எழுந்து போனார். தண்ணீர் மோந்து வந்து வைத்தார்.

மே 6

பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு புத்தகங்களிலிருந்து பக்கங்களை நகல் எடுத்து வைத்தேன். பக்கத்து மேஜை அறிவுச்செல்வியிடம் கையெழுத்துக் கேட்டேன்.

"நீங்க சொல்றது நெசந்தானுங்க. அடுத்த வருஷம் என்னைக் கூப்புட மாட்டாங்க. ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

கோபம் அவள்மேல் வரவில்லை. வந்திருந்தாலும் எனக்கு அருகதை இல்லை. தனியாகக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

மே 27

பதில் இல்லை.

ஜூன் 12, வியாழன்

முடிவு வந்தது. என் வகுப்பில், ஆப்பிரிக்க வரலாற்றில் மட்டும் பதினொரு பேர் ஃபெயில். மற்ற எல்லாத் தாளிலும் தேறியவர்கள்.

பிரவீனா போன் செய்தாள். கெங்கவல்லிப் பெண். அப்பா மரவள்ளி போடுகிறவர். மூன்று வருடத்தில் நான்கு நாள்தான் வகுப்புக்கு வராமல் இருந்தாள்.

"மேடம், இருபத்தாறு. நாலு மார்க்ல போச்சு. பி.எட். சீட்டுக்குப் போட்டு வச்சிருந்தோம்." மார்க் பட்டியலை இன்னொரு தடவை வாசித்தாள். "நீங்க நடத்துன மாதிரிதானே மேடம் எழுதினேன்? நான் எங்க தப்பு பண்ணேன்?"

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை. தன் தப்பு எது என்று நிஜமாகவே கேட்டாள்.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை சாமி. விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போடு. மறுமதிப்பீட்டுக்கும் போடு. நான் கூட வாரேன்."

ஜூன் 16

கல்லூரி முதல்வர் அறை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"பல்கலைக்கழகத்துக்கு நேரா எழுதியிருக்கீங்க. நம்ம காலேஜ் பேரு கெடுது. ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துருங்க, இந்த வருஷத்து ஆர்டர் போட்டுடலாம்."

"பேரு கெட்டது என்னாலயா, ஃபெயிலான பதினோரு பேராலயா, கீ எழுதினவராலயாங்க சார்?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

என்னத்த யோசிக்கறது? ஏற்கெனவே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அதோட படுத்து எந்திரிச்சிட்டு இருக்கறேன். இன்னொண்ணு போட்டா நான் மனுசியா?

ஜூலை 1

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிரவீனாவின் விடைத்தாள் நகலைப் பார்த்தேன். பதினெட்டாம் கேள்விக்கு மூன்று பக்கம். நான் பலகையில் போட்ட படமும் இருந்தது — கிராமத்திலிருந்து தலைநகர் வரை கட்சிக் கிளைகள். ஓரத்தில் சின்னதாக '1'. கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து. அந்த ஆளையும் கூப்பிட்டனுப்பித்தான் போட வைத்தார்களா?

விண்ணப்பத்தோடு புத்தக நகல்களையும் இணைத்தோம். பதினொரு பேரில் மூன்று பேர்தான் விண்ணப்பிக்க முன்வந்தார்கள். மற்றவர்களுக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

ஜூலை 9

கல்லூரியிலிருந்து ஆர்டர் வரவில்லை. என் பாடவேளைகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர் கையில் அதே கைடு இருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஜூலை 24

பிரவீனாவுக்கு முப்பத்து நாலு. தேறிவிட்டாள். மற்ற இரண்டு பேரும் தேறிவிட்டார்கள்.

சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறார்கள்: பதினெட்டாம் கேள்விக்கு விடைக்குறிப்பு 'மேம்படுத்தப்பட்டுள்ளது', பயன் விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும், கடைசி நாள் ஆகஸ்ட் எட்டு. மேம்பாடாம். தப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. யார் பெயரும் இல்லை. தெரியாதவர்கள் தெரியாமலேயே போகட்டும் என்று இணையதளத்தின் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 26

எட்டு பேருக்கும் போன் செய்தேன். ஒருவன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போய்விட்டான். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "இனிமே எதுக்குங்க மேடம்" என்றாள். "உனக்குப் பட்டம் வேணும், அதுக்கு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் அம்மா போனை வாங்கினார். அரை மணி நேரம் பேசினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இவர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு பைக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனார். பையில் எட்டு பேரின் விண்ணப்பம். ஆந்திராப் பையன் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பியிருந்தான். கல்யாணப் பெண்ணின் விண்ணப்பத்தை அவள் அம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே என் மனு: அந்தக் கேள்விக்கு விடை எழுதிய எல்லாத் தாளையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், திரும்பத் திருத்த வேண்டும். நான் ஒன்பதை ஒன்றாக்கக் கையெழுத்திட்ட அந்தத் தாளைத் தனியே குறிப்பிட்டு, செய்தது தவறு என்றும் எழுதியிருந்தேன்.

வாசலில் பார்வையாளர் பதிவேடு. காவலாளி பேனாவை நீட்டினார்.

"எந்தக் காலேஜுங்க மேடம்?"

"எந்தக் காலேஜும் இல்லைங்க."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அந்தக் கட்டத்தைச் சும்மா உட்டுருங்க. வந்த வேலையை மட்டும் எழுதுங்க."

பெயர் எழுதினேன். கல்லூரி என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அடுத்த கட்டத்தில், எழுத்துப் பிசகாமல், டாங்கனிக்கா என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.