ஸ்டேஷன் மாஸ்டர் படமும் அப்பாவின் இடது கையும்

மயூர் விஹார், தில்லி
நவம்பர் 22, சனிக்கிழமை

அன்பு மகள் அன்னாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அதில் பாதிதான் உண்மை என்பதால் நான் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன், முழங்கால் வலியை விட்டுவிடு, அது எப்போதும் உள்ளதுதான். தினமும் போனில் பேசுகிறவள் எதற்கு இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடுகிறது, அதனால்தான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டு, அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போய்விடுவேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆன் செய்வேன். லக்ஷ்மிபாய் நகர் ஸ்கூலில் எட்டாவது வரை தமிழ் படித்தவள் நீ, எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். மொழிபெயர்க்கிற ஆப்பில் மட்டும் போடாதே, போன தடவை நான் எழுதிய முழங்கால் தைலத்தை அது சமையல் எண்ணெய் ஆக்கிவிட்டது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, காற்று வழக்கம்போல வாயில் வைக்க முடியாத காற்று, பால்கனிக் கதவைத் திறந்து பத்து நாள் ஆகிறது. லிஃப்ட் மறுபடியும் கெட்டுவிட்டது. கீழ் வீட்டு ஸ்வப்னாதான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து தருகிறாள், நல்ல பெண், ஆனால் ஒவ்வொரு தடவையும் அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாட வருகிற கேரல் ரவுண்ட்ஸ் லிஸ்ட் போட்டுவிட்டார்கள், நம் வீட்டுக்கு எந்தத் தேதி வேண்டும் என்று கேட்டார்கள், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ ஸ்வெட்டர் போடு என்று எழுத வந்தேன், பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் வெலிங்டனில் இப்போது வெயில் காலம் என்பது எனக்கு இத்தனை வருஷம் ஆகியும் மண்டையில் ஏறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைப்பது எனக்கும் பிடிக்காது. நம் வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அதை ஒரு நாளும் முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை, அப்பா போட்டதும் ஃபிர் ஸே வோஹீ பிக்சர், மறுபடியும் அதே படமா என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாய். அதை நானும் அவரும் கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் பார்த்தோம். அந்தக் காலத்தில் இங்கே தமிழ்ப் படம் என்றால் எப்போதாவது ஒரு ஞாயிறு காலையில் மட்டும்தான் போடுவார்கள், அதற்குத் தில்லியில் இருக்கிற தமிழ் ஜனம் பாதி வந்து நிற்கும். பிறகு கேஸட் வந்தது, சிடி வந்தது, இப்போது டிவியிலேயே வேண்டும்போது வருகிறது, அவர் எதையும் விடவில்லை. இருபது தடவை பார்த்த படத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று நான் கேட்டால், புதுப் படத்துல அடுத்து என்ன நடக்குமோன்னு பயந்துகிட்டே இருக்கணும், இதுல யாரு எப்ப வருவாங்கன்னு தெரியும், மனசுக்கு நிம்மதியா இருக்கு, சும்ம இருட்டி என்பார். அமைச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த மனுஷன், அவருக்கு எதிர்பாராதது என்றால் ஆகாது. எனக்கு எரிச்சல் வருகிற பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு, நடிகர் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். ஒரு வார்த்தை பிசகாது. பக்கத்தில் இருக்கிறவள் படம் பார்ப்பதா இவரைக் கேட்பதா என்று நான் எத்தனை தடவை தலையணையால் அடித்திருக்கிறேன்.

ஜூலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வந்து பத்து நாள் இருந்தாய், வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்ப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய். நீ போனபின் ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சும்மா இருக்கட்டும் என்று அந்தப் படத்தைப் போட்டேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைச் சுருட்டிக்கொண்டு பேசுகிற இடம் வந்ததும் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. இந்த ஸ்டேஷன்ல அந்த வண்டி நிக்காதுங்க, கடந்து போயிடும் என்று உன் அப்பா தெளிவாகச் சொன்னார், வழக்கம்போல நடிகருக்கு ஒரு நொடி முன்னால். நான் கையில் வைத்திருந்த மாத்திரை டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேன் என்பது உண்மை, ஆனால் நான் முப்பத்திரண்டு வருஷம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள், அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சுப் போனவர்கள் நெட்டுருவாக இருக்கிறதை மட்டும் கடகடவென்று சொல்வார்கள், பாட்டு, ஜெபம், வாய்ப்பாடு. ஒரு வாய் தண்ணீர் கேட்க வராது. நான் உடனே ஜெபத்தை எடுத்துக்கொடுத்துப் பார்த்தேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ஆயுசு முழுக்கச் சர்ச்சுக்குப் போன மனுஷனுக்கு ஜெபம் ஒட்டவில்லை, சினிமா ஒட்டியிருக்கிறது. பாஸ்டரிடம் இதை நான் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற மஞ்சுவை நீ போனில் பார்த்திருக்கிறாய், அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அவள் அங்கிள்ஜி, சாய் பீ லீ என்று கேட்பாள், இவர் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று படத்தில் வருகிற ஒரு முழு வசனத்தைச் சொல்வார். அவள் வாயைப் பிளந்துகொண்டு, ஆண்டிஜி, அங்கிள் தோ கமால் கர் ரஹே ஹைன், க்யா போலே, அங்கிள் அசத்துகிறாரே, என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நான் டீ குடித்தாயிற்று என்கிறார் என்று இந்தியில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அந்தப் பெண்ணின் சந்தோஷத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. பேச்சில் நல்ல முன்னேற்றம் என்று அவள் எழுதிக்கொடுத்தாள், அந்தப் பேப்பரை நான் உனக்கு அனுப்பியும் வைத்தேன். நோயாளியின் வீட்டார் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் உள்ளதைத்தான் சொல்வாள் என்று பெயர் எடுத்த மார்கரெட் சிஸ்டர், உன் அம்மாதான், இதைச் செய்தாள்.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, அப்பா, எப்படி இருக்கீங்க, டிசம்பர்ல நான் வரவா என்று கேட்டாய். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம்தான் படம் பார்த்திருந்தார். அவர் உனக்குச் சொன்னது உனக்கு மனப்பாடமாக இருக்கும், நீதான் அதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாயே. நான் நல்லா இருக்கேன் கண்மணி, இங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்குது, என்னை நினைச்சுக்கிட்டு உன் வேலையை விட்டுடாதே. அன்னா, அது உன் அப்பா பேசியது இல்லை. படத்தில் ஸ்டேஷன் மாஸ்டருடைய மகள் பம்பாயிலிருந்து டிரங்க் கால் போட்டு நான் வரட்டுமா என்று கேட்கும்போது அவர் சொல்கிற வசனம். நீ கேட்ட கேள்வி அதே கேள்வியாகப் போய்விட்டது, அதனால் அந்தப் பதில் வந்து விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து உன்னை அவர் என்றைக்காவது கண்மணி என்று கூப்பிட்டிருக்கிறாரா, ஏட்டி என்றுதானே கூப்பிடுவார். நீ யோசித்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் அப்பா பேசுகிறார் என்ற சந்தோஷத்தில் யார்தான் யோசிப்பார்கள். உன்மேல் தப்பே இல்லை. வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கை, நல்லாயிருக்கிற கை, போர்வைக்கு மேலே வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உனக்குப் போனில் கையா தெரியும், எனக்குத் தெரிந்தது. வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், வேறொரு மனுஷனுடைய வார்த்தை வந்துவிட்டது. நீ அந்தப் பக்கம் அழுதுகொண்டே சரிப்பா, நான் வேலையைப் பாக்கேன், கோர்ஸுல சேந்துக்கிறேன் என்றாய். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, புத்தி நன்றாக இருக்கிறது, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. போனை நான் எடுத்ததும் என்னைத்தான் பார்த்தார், இவள் சொல்லிவிடுவாள் என்று. நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், இரண்டு வருஷமாக டெம்பரரியாக இருக்கிறாய், இந்த லீவில் அந்தக் கோர்ஸை முடித்தால் ஸ்கூலில் உன்னைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று நீ சொன்னது என் தலையில் இருந்தது. ஜூலையில் நீ வந்துபோனதற்கே அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்றாய். சரி, பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும், ஏப்ரலில் வந்தால் போதும் என்று நான் ஒரு முடிவு எடுத்தேன். நான் எடுத்தேன், அவரைக் கேட்கவில்லை. நீ டிக்கெட்டைக் கேன்சல் செய்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நீ அப்பாவோடு போனில் பேசுகிற நேரத்துக்கு முன்னால் அந்தப் படத்தைப் போட்டு அவரைத் தயாராக்கி வைத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். ஆசை ஆசையாகப் பார்த்த படத்தை அவருக்கு நான் தண்டனை ஆக்கிவிட்டேன்.

இந்த மாதம் இரண்டாம் தேதி அவருக்குச் சளி என்றும் பேச வேண்டாம் என்று டாக்டர் சொன்னார் என்றும் சொன்னேன். சளி இல்லை. இரண்டாவது தடவை வந்தது, சின்னதுதான், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது வசனமும் இல்லை, படம் ஓடினால் உதடு மட்டும் அசைகிறது. விழுங்குவதற்குக் கஷ்டப்படுகிறார், கஞ்சியைக் கெட்டியாக்கி ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். இதே வாக்கியத்தை நான் எத்தனை வீட்டாரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா, எனக்குச் சொல்லும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. ஏப்ரல் வரைக்கும் நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் வரைக்குமேகூடச் சொல்ல முடியாது.

அதனால் வா அன்னா. என்மேல் கோபம் வந்தால் வந்தபின் திட்டு, வேண்டிய மட்டும் திட்டு, நான் ஒரு பதிலும் சொல்லமாட்டேன். வரும்போது அவர் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு வராதே. இடது பக்கமாக உட்கார், அந்தக் கையைப் பிடித்துக்கொள், நீ பேசு, அவருக்கு எல்லாம் புரியும். உன் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்து வந்தாலும் பரவாயில்லை, அவர் தில்லிக்காரர்தான். அழுவதானால் முன்னறையில் அழுதுவிட்டு உள்ளே வா. ஏர்போர்ட்டில் இறங்கியதும் மாஸ்க் போட்டுக்கொள், ஸ்கூலில் சொல்ல டாக்டர் லெட்டர் வேண்டுமானால் நாளைக்கே வாங்கி அனுப்புகிறேன்.

ஆண்டவர் உனக்கு முன்னாலும் பின்னாலும் துணையாக வந்து உன்னைப் பத்திரமாக இந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும். பாஸ்போர்ட்டில் தேதி இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பார்.

உன்னிடம் பொய் சொன்ன, உன்மேல் உயிராக இருக்கிற
அம்மா,
மார்கரெட் ஆபிரகாம்

கையெழுத்துப் போட்டபின் எழுதுவது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மேலும் கீழுமாக அடிக்கப்பட்டு அந்த இடத்தில் பேப்பர் கிழிந்திருக்கும், பயந்துவிடாதே. லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று அங்கே எழுதியிருந்தேன், பழக்க தோஷம். இந்தத் தடவையாவது அவரைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று கடிதம் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். போன் விஷயம் வந்தபோது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரி வந்ததும் கண்ணைத் திறந்து இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கினார், நான்தான் பேப்பரைப் பிடித்துக்கொண்டேன். அடித்தது உன் அப்பா. இதைப் பென்சிலால் எழுதுகிறேன், பேனா இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.