மிளகளவு சாமானின் குணம்

மார்ச் 4, செவ்வாய்

வௌவால் குரலைப் பதியும் கருவியின் முதல் போர்டை என் வீட்டுக்காரர் இன்று முடித்துக் கொடுத்தார். என் கணினிச் சிமுலேஷனில் நன்றாகக் காது கேட்ட மின்சுற்று, மேசைமேல் அரைச் செவிடாகக் கிடக்கிறது. கணினி சொன்னதில் பாதி ஒலிகூட வெளியே வரவில்லை.

சால்டரிங் சரியில்லை என்றேன். இத்தனை வருஷம் அதையே செய்த கையைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"உன் கம்ப்யூட்டர்ல இருக்கிறது கல்யாண போட்டோ. அதுல எல்லாரும் அழகாத்தான் இருப்பாங்க. நான் குடித்தனம் பண்றது நிஜ டிரான்சிஸ்டரோட."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்துவிட்டேன்.

கருவியைக் கேட்டிருப்பது அவர் தங்கை. வௌவால் ஆராய்ச்சிக்காரி. அவள் வேலை செய்யும் குகைக்குப் பக்கத்தில் பாறை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். குகைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று அடுத்த மாத விசாரணையில் அவள் ஒலிப்பதிவோடு காட்ட வேண்டும். இல்லையென்றால் அனுமதி கிடைத்துவிடும். "அண்ணி, எனக்கு வேற வழியில்ல" என்று நேற்றும் ஃபோன் செய்தாள்.

மார்ச் 6

போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் தப்பு என் பக்கம்.

சிமுலேஷனுக்கு டிரான்சிஸ்டரை எப்படித் தெரியும்? யாரோ எழுதிவைத்த மாடல் மூலமாகத்தான். அந்த மிளகளவு சாமானின் குணத்தைச் சில வரி எண்களில் அடக்கிய சிறு கோப்பு அது. நான் இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருந்தேன். இன்று தேடினால், அதே டிரான்சிஸ்டர் நம்பருக்கு நாலு மாடல்! மின்னோட்டத்தை முந்நூறு மடங்காக்கும் என்கிறது ஒன்று. பாதிதான் என்கிறது இன்னொன்று. மூன்றாவது, வேறு எதற்கோ எழுதியதைப் பெயர் மட்டும் மாற்றி வைத்தது. ஒரே ஆளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் யாரை நம்புவது?

மார்ச் 7

நாலையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் போர்டோடு ஒத்துப்போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஆளையே, அந்த டிரான்சிஸ்டரையே, கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய நல்ல மீட்டரைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார்.

பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாதென்று எங்கள் கருவியை மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஓட்டுகிறோம். அந்தச் சிறிய மின்னோட்டத்தைப் பற்றி நாலு மாடலும் வாயே திறக்கவில்லை. அங்கிருந்துதான் அளக்கத் தொடங்கினேன்.

எண் நிலைகொள்ளவில்லை. வயர் லூஸ் என்று நினைத்தேன். இல்லை. நான் குனிந்தால் ஏறுகிறது, நிமிர்ந்தால் இறங்குகிறது. குனிந்தால், நிமிர்ந்தால்... என் மூச்சு! மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எண் மெல்ல அடங்கி நின்றது.

எத்தனை வருஷமாக இதை வரைபடத்தில் வட்டமும் கோடுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மூச்சின் சூடு தெரியும் அளவுக்கு இதற்குள் என்னதான் இருக்கிறது?

அவரைக் கூப்பிட்டேன். தொடாமல், விரலை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோனார். எண் ஏறியது. விரலை எடுத்தார், மறுபடி கொண்டுபோனார்.

"நம்மளைத் தெரியுது இதுக்கு," என்றார் மெதுவாக.

மார்ச் 13

அளந்ததையெல்லாம் திரையில் புள்ளிகளாகப் போட்டு, மாடலின் எண்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். குளிர், வெயிலுக்கு அது எப்படி மாறும் என்று சொல்ல ஓர் எண் உண்டு. நாலு மாடலிலும் அந்த இடம் காலி. டிரான்சிஸ்டரை ஃப்ரிட்ஜில் வைத்து, வயரைக் கதவிடுக்கில் விட்டு அதையும் அளந்தேன். தயிர்க் கிண்ணத்துக்கு இடமில்லை என்று அவர் முணுமுணுத்தார்.

சாயங்காலம் மாடல் வரையும் கோடு வந்து புள்ளிகள்மேல் படிந்தது. எல்லாப் புள்ளிமேலும். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

கண்ணுக்கே தெரியாத ஒன்று அந்தப் பொட்டுக்குள் ஓடுகிறது. நான் எழுதிய வரிக்கு அது கட்டுப்படுகிறது — இல்லை, தப்பு, வரிதான் அதற்குக் கட்டுப்படுகிறது. யாரோ, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யோசித்து இந்த மாடலுக்கு அடியில் இருக்கும் சமன்பாட்டை எழுதியிருக்கிறார்கள். அப்போது நான் இல்லை, இந்த டிரான்சிஸ்டரும் இல்லை. எப்படிப் பொருந்துகிறது?

போர்டு தருவதையே இப்போது சிமுலேஷனும் தருகிறது. ஒரு ரெசிஸ்டரை மாற்றச் சொல்கிறது. மாற்றினார். காது கேட்டது. நாத்தனார் கேட்ட ஆறு கருவியையும் அப்படியே முடித்துவிடுவதாகச் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

கை சும்மா இருக்கவில்லை. புது மாடலைக் குளிரில் ஓட்டினேன்: குகையின் விடியற்காலைக் குளிர், ராத்திரி முழுக்க உழைத்துக் களைத்த பேட்டரி. சாயங்காலம் நன்றாகக் கேட்கிற கருவி, விடியும் சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடாகிறது. வௌவால்கள் வீடு திரும்பும் நேரம் அது.

நிஜமாவே இப்படி ஆகுமா? ஆறையும் முடிச்சு வரிசையா அடுக்கி வெச்சிருக்கார். எந்த முகத்தோட போய்ச் சொல்றது? பேசாம விட்டுடலாமா? சாயங்காலம் கேட்டாப் போதாதா — போதாது. ராத்திரி பூரா பதியணும்னுதானே அவ கேட்டா.

சொன்னேன். அடுக்கிய போர்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இன்னும் நடக்காததை அது எப்படிச் சொல்லும்?"

 அவரே பழைய பேட்டரி ஒன்றைப் போட்டு, ஒரு கருவியை ஃப்ரிட்ஜில் வைத்து, சோதனைக்கு ஓர் ஒலியையும் உள்ளே ஓடவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். சோதனை ஒலி தேய்ந்துகொண்டே போவதை அவர் முகத்தில் பார்த்தேன். மீட்டர் காட்டியதற்கும் என் திரையில் இருந்ததற்கும் மயிரிழை வித்தியாசம். ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

 எனக்குச் சந்தோஷமா பயமா, சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 17

ஆறையும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.  டீயை வைத்துவிட்டு வந்தேன். குடித்திருக்கிறார்.

மார்ச் 22, சனி

நான் திருத்தி வரைந்த புதுச் சுற்று குளிரிலும் தாங்குகிறது. முதலில் திரையில், பிறகு ஃப்ரிட்ஜில். நாத்தனார் வந்து வாங்கிப் போனாள். குழந்தையைத் தூக்குவதுபோலப் பெட்டியைத் தூக்கினாள்.

ஏப்ரல் 9, புதன்

நாத்தனார் வந்திருந்தாள். விடியற்காலைப் பதிவு ஒன்றை, மனிதக் காதுக்கு எட்டும்படி மெதுவாக்கிப் போட்டாள். முதலில் தாறுமாறான கீச்சுகள். பிறகு அதற்குள்ளிருந்து சின்னச் சின்னக் குரல்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

"குட்டிங்க, அண்ணி. அம்மா திரும்பி வர்ற நேரத்துல ஒவ்வொண்ணும் தன் குரல்ல கூப்பிடும். அத்தனை கூட்டத்துலயும் அவ தன்னோடதைக் கண்டுபிடிச்சுப் போயிடுவா."

விசாரணையில் இதைத்தான் போட்டுக் காட்டினாளாம். குட்டிகள் பறக்கும்வரை அந்தப் பாறையில் கை வைக்கக் கூடாதென்று உத்தரவு. அதற்கப்புறம் மறுபடி விசாரிப்பார்களாம். அதற்குள் இன்னும் ஆறு கருவி வேண்டும் என்கிறாள்.

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். முடியும்வரை தலைகுனிந்து கேட்டார்.

அவள் போன பிறகு, புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டர் பொட்டலத்தையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அளந்து சொல்றேன். நீ கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டே வா," என்றார்.