முருகேசன் விட்டுப்போன ஃபோல்டர்

புதன்கிழமை, இரவு.

கப்பலூர் கம்பெனி சர்வரில், மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட்ட பிறகும் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் நானும் அப்போது கூட வேலை பார்த்த முருகேசனும் சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்து, ஓடும் புரோகிராமாக்கி ஏற்றியது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த அதன் ஃபைல்களைத் தேடித் தேடி அழிக்கப் பயமாக இருந்தது. ஒன்றை மாற்றி அழித்தாலும் மெஷின்கள் நின்றுவிடும்.

சென்னையில் இருக்கும் அவனுக்கே போன் செய்தேன்.

"கம்பைல் பண்ணுன ஃபோல்டர் அப்படியே கெடக்கும் பாரு மாப்ள. அதுக்குள்ள போயி அன்இன்ஸ்டால் குடு, எல்லாம் போயிரும்."

இடத்தை அடைக்கிறது என்று அன்று நான் சண்டை போட்ட ஃபோல்டர். உள்ளே அவன் எழுதிவைத்த ஒரு வரி: 'மாப்ள, இதை மட்டும் அழிச்சிராத.'

பழையது சுத்தமாகப் போனது.

"இனி அந்த ஃபோல்டரையும் அழிச்சிரு," என்றான்.

சரி என்றேன். அழிக்கவில்லை.